மாட்டுக்குக் கிடைத்த விடுதலை பிள்ளைக்கு எப்போது?

சென்ற மாரிக்கு முன் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தின் வாசிகசாலைத் திண்ணையில் சின்னமுத்துத் தடுப்பூசி பற்றித் தாய்மாருடன் பேசிக்கொண்டிருந்தோம். பின்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் இடையில் எழுந்தார். நான்கு தடவை இடம்பெயர்ந்தவர். ஒரு காலத்தில் பெரிய மாட்டுப்பட்டிக்குச் சொந்தக்காரர். "சுவாமி, அந்தக் காலம் மாட்டுக்குக் கொள்ளை நோய் வந்த நேரம் பட்டியைத் தேடி வந்து ஊசி போட்டவை. இப்ப என்ர பேரப்பிள்ளைக்கு ஊசி போட மகள் இரண்டு பஸ் மாறிப் போறாள். மாட்டைவிடப் பிள்ளை குறைஞ்சு போச்சோ?" என்று கேட்டார். கூடியிருந்தோர் சிரித்தார்கள். நாமும் சிரித்துவிட்டு விடயத்தைத் தொடர்ந்தோம். ஆனால் திரும்பி வரும் வழியில் அக்கேள்வி எம்மை விடவில்லை. அவர் அறியாமலே மிகச் சரியான இடத்தில் கைவைத்துவிட்டார். ஏனெனில் அவரது மாடுகளைக் கொன்ற நோயும் அவரது பேரப்பிள்ளையை அச்சுறுத்தும் நோயும் ஒரே கொடியில் காய்த்தவை.

முதலில் மாட்டு நோயைப் பார்ப்போம். காய்ச்சல், கண்ணாலும் மூக்காலும் நீர் வடிதல், வாயில் புண், பின் துர்நாற்றமுள்ள கழிச்சல், சில நாட்களில் சாவு. தமிழ்நாட்டில் இதை வெக்கை நோய் என்பார்கள். ஆங்கிலத்தில் ரிண்டர்பெஸ்ட். நமது தீவு 1946 இன் பின் நாற்பது வருடங்களுக்கு மேலாக இந்நோய் இன்றி இருந்தது. 1987 இல் இந்தியப் படையினரின் உணவுக்கெனக் கொண்டுவரப்பட்ட ஆடுகளுடன் அது மீண்டும் நாட்டினுள் புகுந்தது. 1994 உடன் இலங்கையில் முற்றாக நின்றது. உலகில் கடைசியாக அது காணப்பட்டது 2001 இல், கென்யாவின் காட்டெருமைகளில். 2011 இல், இந்நோய் பூமியிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக உலக நிறுவனங்கள் அறிவித்தன. பெரியம்மைக்குப் பிறகு மனிதன் முற்றாக ஒழித்த நோய் இது ஒன்றுதான்.

இனிச் சின்னமுத்து. இதை உண்டாக்கும் வைரசும் மாட்டு நோயின் வைரசும் மிக நெருங்கிய உறவினர். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர், ஆடுகளுக்கு வரும் கொள்ளை நோய் ஆகியவற்றின் வைரசுகளும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. எனினும் சின்னமுத்துக்கு உடன்பிறப்பு என்று சொல்லத்தக்கது மாட்டு நோய்தான். எப்போது இவை பிரிந்தன என்பதை அறிய விஞ்ஞானிகள் ஒரு வியக்கத்தக்க வழியைக் கையாண்டார்கள். 1912 இல் பேர்லின் நகரில் சின்னமுத்தால் இறந்த இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் நுரையீரல், அங்குள்ள மருத்துவ நூதனசாலையில் திரவத்தினுள் பாதுகாக்கப்பட்டிருந்தது. நூறு ஆண்டுகளுக்குப் பின் அதிலிருந்து வைரசின் பரம்பரையலகுகளை எடுத்து வாசித்தார்கள். 2020 இல் வெளியான அந்த ஆய்வு, மாட்டின் வைரசும் மனிதனின் வைரசும் கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டளவிலேயே பிரிந்திருக்கலாம் என்று கணித்தது. அதற்கு முன் நடந்த கணிப்புகள் இப்பிரிவைக் கிறிஸ்துவுக்குப் பின் பத்துப் பன்னிரண்டு நூற்றாண்டுகள் கழித்தே வைத்திருந்தன.

ஒரு வைரசின் வயதை எப்படி அறிவது? காணி உறுதி எழுதிப் பழக்கப்பட்ட எமது மக்களுக்கு இதை விளக்குவது இலகு. ஓர் உறுதியைப் பார்த்து ஒருவர் கையால் நகல் எடுக்கிறார். ஓர் எழுத்துப் பிழைபடுகிறது. அந்த நகலைப் பார்த்து இன்னொருவர் எழுதுகிறார். பழைய பிழையோடு புதிய பிழை ஒன்றும் சேர்கிறது. பல நகல்களை ஒன்றாக விரித்து வைத்தால் எது எதிலிருந்து எழுதப்பட்டது என்பதைப் பிழைகளைக் கொண்டே சொல்லிவிடலாம். எத்தனை பிழை என்பதைக் கொண்டு எவ்வளவு காலம் என்பதையும் ஓரளவு மதிக்கலாம். சின்னமுத்து வைரசின் உறுதி ஏறத்தாழ 16,000 எழுத்துக்கள் கொண்டது. ஆறே ஆறு பரம்பரையலகுகள். அதில் அதிகம் வேறுபடும் ஒரு பகுதியில் 450 எழுத்துக்களை மட்டும் ஒப்பிட்டு, உலகில் 24 கிளைகள் இருந்தன என்று வகுத்திருக்கிறார்கள்.

பிரிந்த காலத்துக்கும் ஒரு காரணம் உண்டு. சின்னமுத்து ஒருவருக்கு வந்து மாறினால் ஆயுள் முழுவதும் திரும்ப வராது. எனவே அது வாழ்வதற்குப் புதிய புதிய பிள்ளைகள் ஓயாது பிறந்துகொண்டிருக்க வேண்டும். இரண்டரை முதல் ஐந்து இலட்சம் பேர் நெருங்கி வாழும் ஓர் ஊர் இருந்தால்தான் அது அணையாமல் எரியும் என்று கணக்கிட்டுள்ளார்கள். சிறு கிராமத்தில் அது எரிந்து தானே அவிந்துவிடும். பெரு நகரங்கள் தோன்றிய பின்பே மாட்டிலிருந்து வந்த வைரசு மனிதரிடையே நிலைத்திருக்க முடிந்தது.

டென்மார்க்குக்குச் சொந்தமான பரோத் தீவுகளில் 1846 இல் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. அப்போது அங்கே 7,800 பேரளவில் வாழ்ந்தார்கள். மீனவர்களும் ஆடு வளர்ப்போரும். கொப்பன்ஹேகனிலிருந்து வந்த ஒரு தச்சன் நோயைக் கொண்டுவந்தான். சில மாதங்களில் 6,000 பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள். அரசு அனுப்பிய இளம் வைத்தியர் பானும் வீடு வீடாகச் சென்று தேதிகளைக் குறித்தார். நோயாளியைச் சந்தித்த பதின்மூன்றாம், பதினான்காம் நாளில் உடலில் முத்துப் போடுகிறது என்று கண்டுபிடித்தார். இன்னொன்றையும் கண்டார். அத்தீவில் இந்நோய் முன்னர் வந்தது 1781 இல். அப்போது பிள்ளைகளாய் இருந்து நோய் கண்டு பிழைத்த முதியவர்களில் ஒருவருக்கும் 65 வருடத்தின் பின் அது வரவில்லை. இன்றைய ஆய்வுகூட வசதிகள் எதுவுமின்றி, கிராமத்தவரிடம் பொறுமையாகக் கேட்டே இவ்வளவையும் அறிந்தார். கிராமங்களுக்குச் சென்று வேலை செய்வோர் யாவரும் படிக்கவேண்டிய மனிதர் இவர் என்பது எமது எண்ணம்.

தொற்றும் நோய்களில் இதைப்போல் வேகமானது மிகச் சிலவே. எதிர்ப்பு இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குக் கொடுப்பார். இருமியவர் வெளியேறி இரண்டு மணி நேரம் சென்றும் அந்த அறையின் காற்றில் வைரசு இருக்கலாம். ஒரே கொட்டிலுக்குள் மூன்று குடும்பம், நடுவில் ஒரு தரப்பாள் மறைப்பு என்று வாழ்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இங்கே எமது வழக்கங்கள் பற்றி ஒரு வார்த்தை. முத்துப் போட்டவுடன் வாசலில் வேப்பிலை செருகி, வேற்றார் உள்ளே வராமல் தடுப்பது எம்மவர் மரபு. இதைப் படித்தவர்கள் சிலர் ஏளனம் செய்கிறார்கள். நாம் செய்யமாட்டோம். நோயாளியைத் தனிமைப்படுத்துவதன் நன்மையை எமது முன்னோர் அனுபவத்தில் அறிந்து வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு குறை உண்டு. முத்துப் போடுவதற்கு நான்கு நாட்கள் முன்பிருந்தே பிள்ளை நோயைப் பரப்பத் தொடங்கிவிடுகிறது. அப்போது வெறும் தடிமன், காய்ச்சல், கண் சிவப்பு மட்டுமே இருக்கும். நாம் வேப்பிலை கட்டும்போது நோய் ஏற்கெனவே வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. மற்றது, பிள்ளைக்குச் சாப்பாட்டைக் குறைத்து வெறும் கஞ்சித் தண்ணீரில் விடும் வழக்கம். இதை மட்டும் விடவே வேண்டும். சின்னமுத்தில் சாவது பெரும்பாலும் முத்தினால் அல்ல. அதன்பின் வரும் நியூமோனியாவாலும் வயிற்றோட்டத்தாலுமே. போசாக்குக் குறைந்த பிள்ளைக்கு இரண்டும் கடுமையாக வரும். தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. வைத்தியசாலையில் அடுத்தடுத்த இரண்டு நாட்கள் கொடுக்கும் விற்றமின் ஏ உயிரையும் கண்ணையும் காக்கும். முருங்கையிலையும் பூசணியும் பப்பாசியும் பிறகு நல்லவைதான். ஆனால் அந்த மருந்துக்கு அவை ஈடாகா.

நோய் மாறிய பின்னும் ஒரு கேடு தொடர்வதை அண்மைக் காலத்தில் கண்டறிந்துள்ளார்கள். நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 பிள்ளைகளின் இரத்தத்தைச் சின்னமுத்து வருமுன்னும் வந்த பின்னும் சோதித்த ஆய்வு 2019 இல் வெளியாயிற்று. மற்ற நோய்களுக்கு எதிராக அப்பிள்ளைகள் சேமித்து வைத்திருந்த பிறபொருளெதிரிகளில் நூற்றுக்கு 11 முதல் 73 வரை அழிந்துபோயிருந்தன. உடல் பட்ட பாடுகளின் நினைவை இந்த வைரசு அழித்துவிடுகிறது. களஞ்சியத்தில் வைத்த விதைநெல்லில் பாதியைத் தீ தின்றதுபோல. நோயில் தப்பிய பிள்ளை அடுத்த இரண்டு மூன்று வருடம் ஏன் அடிக்கடி சுகவீனப்படுகிறது என்பதற்கு இப்போது ஒரு விளக்கம் கிடைத்திருக்கிறது. "வந்து போனால் நல்லது, உடம்பு பலப்படும்" என்று சொல்வோர் இதைக் கவனிக்கட்டும்.

தடுப்பூசியின் கதைக்கு வருவோம். 1954 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்கு அருகே ஒரு பாடசாலையில் சின்னமுத்துக் கண்ட டேவிட் எட்மன்ஸ்டன் என்ற 13 வயது மாணவனிடமிருந்து வைரசைப் பிரித்தெடுத்தார்கள். அதை ஆய்வுகூடத்தில் திரும்பத் திரும்ப வளர்த்துப் பலவீனப்படுத்தி, 1963 இல் தடுப்பூசி பாவனைக்கு வந்தது. இன்று உலகில் ஏற்றப்படும் சின்னமுத்துத் தடுப்பூசிகளில் பெரும்பாலானவை அந்தப் பையனின் வைரசின் வழிவந்தவை. எழுபது வருடப் பழைய விதை இன்னும் முளைக்கிறது! சளிக்காய்ச்சலுக்கு ஆண்டுதோறும் புதிய ஊசி தேவைப்படும்போது இது எப்படி? வைரசு எமது உடற்கலத்தைத் திறக்க ஒரு திறப்பு வைத்திருக்கிறது. சளிக்காய்ச்சல் வைரசு தன் திறப்பின் வெளித்தோற்றத்தை மாற்றிக்கொண்டே இருக்கக்கூடியது. சின்னமுத்து அப்படிச் செய்தால் பூட்டுத் திறக்காது. எனவே உறுதியின் மற்ற இடங்களில் எவ்வளவு எழுத்துப் பிழை வந்தாலும் அந்தத் திறப்பு மாறுவதில்லை. 24 கிளைகளுக்கும் ஒரே ஊசி போதும்.

பலனும் தெரிகிறது. 2002 இல் உலகில் 13 கிளைகள் நடமாடின. 2021 இன் பின் காணப்படுபவை இரண்டு மட்டுமே. மரம் பட்டுக்கொண்டு வருகிறது. ஆனால் எஞ்சிய இரண்டு கிளைகளும் காய்த்துக் குலுங்குகின்றன. 2023 இல் மட்டும் உலகில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள், இந்நோயால் இறந்திருக்கிறார்கள்.

நமது நாடு இதில் பெருமைப்படத்தக்க வேலை செய்திருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. 1984 இல் தடுப்பூசி ஆரம்பம். 1999-2000 இல் பெரும் பரவல் ஒன்று ஏற்பட்ட பின், 2001 இல் இரண்டாவது ஊசி சேர்க்கப்பட்டது. 2019 இல் இலங்கை சின்னமுத்தை ஒழித்த நாடு என்ற சான்றிதழைப் பெற்றது. இடையில் ஒரு சறுக்கலும் உண்டு. 2011 இல் முதல் ஊசியின் வயது 9 மாதத்திலிருந்து 12 மாதத்துக்குத் தள்ளப்பட்டது. பிந்திப் போட்டால் ஊசி நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மையே. ஆனால் 2013, 2014 இல் நோய் பரவியபோது ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். 2015 முதல் மீண்டும் 9 மாதம். இதில் தாய்மார் அறியவேண்டிய ஒன்று இருக்கிறது. எமது பாட்டிமாருக்கு நோயே வந்து மாறியது. அவர்கள் வயிற்றிலிருந்த பிள்ளைக்குக் கொடுத்த நிர்ப்பீடனம் அதிக நாள் தாங்கியது. ஊசி மூலம் எதிர்ப்புப் பெற்ற இன்றைய தாய் கொடுப்பது அதைவிடக் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். எனவே ஆறாம் ஏழாம் மாதத்திலேயே குழந்தை வெறுங்கையுடன் நிற்கத் தொடங்குகிறது. 2023 இல் நோய் மீண்டும் தலைகாட்டியபோது, 2024 சனவரியில் சில மாவட்டங்களில் 6 மாதம் நிறைந்த குழந்தைகளுக்கும் மேலதிக ஊசி ஒன்று ஏற்றப்பட்டது இதனாலேயே. 9 மாத ஊசியைப் "பிறகு பார்ப்போம்" என்று ஒத்திவைக்கும் ஒவ்வொரு கிழமையும் அக்குழந்தைக்கு ஆபத்து.

இனி எமது கருத்துக்கு வருகிறோம். நாடு முழுவதற்கும் நூற்றுக்கு 95 இற்கு மேல் ஊசி போடப்பட்டிருக்கிறது என்று அறிக்கைகள் கூறுகின்றன. நாம் அதை நம்புகிறோம். ஆயினும் ஒரு நோயாளி 15 பேருக்குக் கொடுக்கும் நோயில் அந்த 15 பேரில் 14 பேராவது காக்கப்பட்டிருந்தால்தான் நோய் அடங்கும். அது நாட்டின் சராசரியில் இருந்தால் போதாது. ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கவேண்டும். வரம்பு முழுவதும் உறுதியாக இருக்கிறது என்று படுத்துறங்கிய கமக்காரன், ஒரே ஒரு நண்டு வளையால் விடிவதற்குள் வயல் வற்றிக் கிடப்பதைக் கண்டிருக்கிறான். அந்த வளை எங்கே விழும்? இடம்பெயர்ந்தவர்களிடையேதான். பிள்ளை பிறந்த இடத்து மருத்துவமாதின் பதிவேட்டில் பெயர் இருக்கிறது. பிள்ளை அங்கே இல்லை. பிள்ளை இருக்கும் இடத்துப் பதிவேட்டில் பெயர் இல்லை. இரண்டு பதிவேடும் சரியாகவே இருக்கின்றன. இரண்டுக்கும் இடையில் பிள்ளை விழுந்துவிடுகிறது. தாய் ஒருத்தி பதினொரு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு கிளினிக்குக்குப் போய், "உங்கள் பிரிவு இதுவல்ல" என்று திருப்பி அனுப்பப்பட்டதை நாம் அறிவோம். திருப்பி அனுப்பியவரும் கெட்டவரல்லர். அவருக்குக் கொடுக்கப்பட்ட எண்ணிக்கைக்குள் அக்குழந்தை அடங்கவில்லை, அவ்வளவே. ஊசி இருந்தது, ஏற்றுபவர் இருந்தார், குழந்தையும் முன்னே இருந்தது. எந்தக் கொப்பியில் எழுதுவது என்ற ஒன்றே தடையாயிற்று. இதை ஒரு சுற்றறிக்கையால் திருத்தலாம் என்பது எமது உறுதியான நிலைப்பாடு. பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கே ஊசி. பதிவுகளை அலுவலகங்கள் தமக்குள் பிறகு மாற்றிக்கொள்ளட்டும்.

முகாம்களில் இந்நோய் என்ன செய்யும் என்பதற்கு உதாரணம் தேடி அலையவேண்டியதில்லை. 1985 இல் கிழக்கு சூடானில் எதியோப்பிய அகதிகளின் முகாம்களில் மாண்ட பிள்ளைகளில் மிகப் பெரும் பங்கினரைக் கொண்டுபோனது இதுவே. 1991 இல் பிலிப்பைன்ஸில் பினற்றுபோ எரிமலை வெடித்தபோது, மலையிலிருந்து இறங்கி முகாம்களில் தங்கிய அயிட்டா மக்களிடையே சின்னமுத்துப் பல உயிர்களைப் பறித்தது. அங்கே ஊசி இருந்தது. ஊசி போட வந்த வெளியார் மீது அம்மக்களுக்கு நம்பிக்கை இருக்கவில்லை. இவ்விரு அனுபவங்களையும் போன்றவற்றின் பின்பே, முகாம் ஒன்று திறந்தவுடன் தண்ணீர், உணவுடன் முதல் வேலையாகச் சின்னமுத்து ஊசி ஏற்றவேண்டும் என்ற விதி உலகெங்கும் ஏற்கப்பட்டது.

இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. நோய் வந்தால் ஊரவர் முதலில் விரல் நீட்டுவது முகாம் பக்கம். "அவங்கள் வந்த பிறகுதான் இதெல்லாம்" என்ற பேச்சை இடம்பெயர்ந்த யார்தான் கேட்கவில்லை? நாம் மேலே சொன்ன எழுத்துப் பிழைக் கணக்கு இங்கே ஏழைக்குச் சாட்சி சொல்லக்கூடியது. 2014 இல் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில், குதிரை பூட்டி உழும் அமிஷ் விவசாயச் சமூகத்தில் 383 பேருக்குச் சின்னமுத்துப் பரவியது. வைரசை வாசித்துப் பார்த்தபோது அது பிலிப்பைன்ஸில் நடமாடிய கிளை என்று தெரிந்தது. யார் கொண்டுவந்தது? 2013 இல் வீசிய பெரும் சூறாவளியின் பின் அங்கே நிவாரண வேலைக்குப் போய்த் திரும்பிய, ஊசி போடாத இரண்டு அமிஷ் ஆண்கள். அகதி அல்ல, உதவிக்குப் போனவர்! எம்மைப்போல் முகாமுக்கு முகாம் ஏறி இறங்கும் தொண்டர்கள் தமது ஊசியைப் போட்டுக்கொண்டார்களா என்று முதலில் கேட்கவேண்டும். நாமும் இதை வாசித்த பின்பே எமது பழைய பதிவைத் தேடினோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். செல்வந்த நாடு என்பதும் காப்பு அல்ல. 1998 முதல் நோயை ஒழித்த நாடாக இருந்த கனடா, ஒரே பரவல் பன்னிரண்டு மாதம் அடங்காமல் தொடர்ந்ததால் 2025 நவம்பரில் அத்தகுதியை இழந்தது.

முதியவரின் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. மாடு எப்படி வென்றது?

பல காரணங்கள். மாட்டு நோய் சின்னமுத்தைப் போல் அவ்வளவு வேகமாகத் தொற்றுவதில்லை. எனவே எல்லா மாட்டுக்கும் ஊசி போடாமலே அதை அடக்க முடிந்தது. இது நேர்மையாகச் சொல்லவேண்டிய வேறுபாடு. மாட்டின் விலை அரசுகளுக்குத் தெரிந்த விலை என்பதும் ஒரு காரணம். பட்டி அழிந்தால் வருமானமும் அழியும். கென்யாவில் வோல்ட்டர் பிளவ்ரைட் என்பவர் 1960 அளவில் நல்ல தடுப்பூசி ஒன்றை உருவாக்கியிருந்தார். ஆனால் அது குளிரூட்டியில் இருக்கவேண்டியது. பாலைநிலத்தில் குளிரூட்டிக்கு எங்கே போவது? பின்னர் வெப்பத்தில் வாரக்கணக்காகக் கெடாத வகை ஒன்று செய்யப்பட்டது. அப்போதும் போர் நடக்கும் தென் சூடானுக்குள் மிருக வைத்தியர்கள் போக முடியவில்லை. எனவே மாட்டுக்காரர்கள் தம்முள் நம்பிக்கையானவர்களைத் தெரிந்தெடுத்தார்கள். எழுத வாசிக்கத் தெரியாதவர்களும் அதில் இருந்தார்கள். அவர்களுக்குச் சில நாட்கள் பயிற்சி கொடுத்து, ஊசியையும் கையில் கொடுத்தார்கள். 1992 இல் ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவான மாடுகளுக்கு ஏற்றப்பட்ட இடத்தில், 1993 இல் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவற்றுக்கு ஏற்றப்பட்டது. எந்த மாடு எங்கே மேய்கிறது, எந்தப் பட்டி எப்போது இடம் மாறும் என்பது அவர்களுக்குத்தானே தெரியும்.

பிள்ளைக்கான ஊசி இன்னும் குளிரில் இருந்தே வரவேண்டும். கரைத்தால் ஆறு மணி நேரத்துள் முடிக்கவேண்டும். ஏற்றுவதும் பயிற்றப்பட்ட உத்தியோகத்தரின் வேலை. அதை நாம் மாற்றச் சொல்லவில்லை. ஆனால் எந்த வீட்டில் எத்தனை மாதக் குழந்தை, எந்தக் குடும்பம் நேற்று வந்தது, எது நாளை கூலிவேலைக்கு வேறிடம் போகிறது என்ற கணக்கை வைத்திருக்க ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒரு தாய் போதும். மாதர் சங்கங்கள் இதைச் செய்யலாம். ஒரு நாற்பது பக்கக் கொப்பியும் பேனையும் வேண்டும். அந்தக் கணக்கை மருத்துவமாதிடம் மாதம் ஒருமுறை கொடுத்தால், இருபது பிள்ளைகள் சேர்ந்த இடத்துக்கு ஒரு நடமாடும் கிளினிக்கைக் கேட்டுப்பெற எம்மால் துணைநிற்க முடியும். இரண்டு இடங்களில் இதை ஆரம்பித்திருக்கிறோம். ஒன்றில் நன்றாக நடக்கிறது. மற்றதில் கொப்பி யாரிடம் இருப்பது என்று இரண்டு சங்கங்கள் பிணங்கி வேலை நின்றிருக்கிறது.

இறுதியாக, அடிக்கடி எம்மிடம் கேட்கப்படுபவை. ஊசிகள் இரண்டு: 9 மாதம் நிறைந்ததும் ஒன்று, 3 வயது நிறைந்ததும் ஒன்று. ஒன்றைத் தவறவிட்டால் காலம் கடந்துவிட்டது என்று விடவேண்டாம், எப்போதும் போடலாம். சாதாரண தடிமன் ஊசிக்குத் தடையல்ல. கருவுற்றிருப்போருக்கு இந்த ஊசி போடுவதில்லை. ஓட்டத்தில் அட்டை தொலைந்திருந்தால் முன்பிருந்த இடத்துச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பதிவு இருக்கிறதா என்று விசாரிக்கலாம். நாமும் கடிதம் எழுதித் தருவோம். பதிவும் கிடைக்காவிட்டால் மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். முன்னரே போட்ட பிள்ளைக்கு இன்னொரு தடவை போடுவதால் தீங்கு இல்லை. அட்டை கையில் உள்ளவர்கள், காணி உறுதியும் அடையாள அட்டையும் வைத்திருக்கும் அதே பொலித்தீன் பைக்குள் அதையும் இன்றே வைத்துவிடுங்கள்.